பிரிட்டனில் மருத்துவப் பதிவு: பாடத்தோடு தேதிகளையும் படிக்க வேண்டும்

பிரிட்டனில் மருத்துவராகப் பதிவு பெற விரும்புகிறவருக்கு, ஒரு தாளை எடுத்து நான்கு காலக்கெடுகளை எழுதிச் சுவரில் ஒட்டுவதுதான் முதல் வேலை. புத்தகம் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணுக்கு ஆயுள் 2 ஆண்டு. வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான பிளாப் தேர்வில் முதல் பகுதி தேறினால் 2 ஆண்டுக்குள் இரண்டாம் பகுதியும் தேற வேண்டும். இரண்டாம் பகுதி தேறிய பிறகு 2 ஆண்டுக்குள் பதிவு கிடைத்திருக்க வேண்டும். சொந்த நாட்டு மருத்துவக் கவுன்சில் தரும் நற்சான்று, கையெழுத்தான நாளிலிருந்து 3 மாதம்தான் செல்லும். நான்கு கடிகாரங்களும் தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்று நின்றுவிட்டால் மற்ற மூன்றும் காத்திருக்காது. இரண்டு பகுதியும் தேறிவிட்டு, ஏதோ ஒரு தாள் காலாவதியானதால் மாதக்கணக்கில் நிற்கும் இளம் மருத்துவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அவர்களுக்குக் குறைவாக இருந்தது அறிவு அல்ல, திட்டம்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பதிவு வேறு, உரிமம் வேறு. பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சிலான ஜி.எம்.சி. 2009 நவம்பரிலிருந்து இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. பதிவு மட்டும் இருந்தால் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும், அவ்வளவுதான். மருந்துச் சீட்டு எழுதவும் இறப்புச் சான்றில் கையெழுத்திடவும் உரிமம் வேண்டும். விண்ணப்பத்தில் கேட்க வேண்டியது உரிமத்துடன் கூடிய பதிவு.

பிளாப் ஒன்றே வழி என்று நினைக்க வேண்டாம். பொது மருத்துவத்தில் ஏற்கெனவே சில ஆண்டுகள் பணியாற்றியவர் பிரிட்டனின் ராயல் கல்லூரிகள் நடத்தும் எம்.ஆர்.சி.பி. தேர்வின் எல்லாக் கட்டங்களையும் முடித்தால், அதைக் காட்டியே பதிவு கேட்கலாம். அறுவைச் சிகிச்சையில் இருப்பவருக்கு எம்.ஆர்.சி.எஸ்., மகப்பேறு மருத்துவருக்கு எம்.ஆர்.சி.ஓ.ஜி. இருக்கிறது. பிளாப்பை விட இவை கடினம், செலவும் கூடுதல். ஆனால் பிளாப் பதிவோடு முடிந்துவிடும்; கல்லூரித் தேர்வு பதிவுக்குப் பிறகும் வேலை விண்ணப்பத்திலும் மேற்பயிற்சியிலும் கூடவே வரும். துறையைத் தீர்மானித்துவிட்டு அதில் மூன்று நான்கு ஆண்டு வேலையும் பார்த்தவர், பிளாப்புக்குப் பணம் கட்டுமுன் ஒரு வாரம் உட்கார்ந்து யோசிப்பது நல்லது. எந்த வழியில் போனாலும் ஆங்கிலத் தேர்வும் பட்டச் சரிபார்ப்பும் இன்டர்ன்ஷிப் சான்றும் உண்டு.

பெயரில் தொடங்கும் சிக்கல்

தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் அதிகம் உதவும். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். பட்டத்தில் அதே இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கு மூன்று ஆட்கள்.

பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஜி.எம்.சி. கணக்கு, ஆங்கிலத் தேர்வு விண்ணப்பம், பட்டச் சரிபார்ப்புக் கணக்கு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் அப்படியே, அதே வரிசையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் திருத்தம் செய்வதானால் முதல் தேர்வுக்குப் பதிவு செய்யுமுன்பே செய்துவிடுங்கள். பாதி வழியில் பாஸ்போர்ட் பெயரை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்; பழைய பெயரில் வந்த மதிப்பெண் பட்டியலுக்கெல்லாம் விளக்கம் எழுத வேண்டியிருக்கும். பட்டத்தில் எழுத்துப் பிழையே இருந்தால், பல்கலைக்கழகத்தில் திருத்த மனு கொடுப்பதை இன்றே தொடங்குங்கள். மற்ற வேலைகளை நீங்கள் விரைவுபடுத்தலாம், இதை முடியாது. திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்கள் திருமணச் சான்றிதழையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டத்தை நீங்கள் காட்டினால் மட்டும் போதாது. உங்கள் பல்கலைக்கழகமே, இது நாங்கள் கொடுத்ததுதான் என்று சொல்ல வேண்டும். இதற்கு ஜி.எம்.சி. ஏற்பது அமெரிக்காவின் ஈ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பு நடத்தும் எபிக் என்ற சேவை. கணக்குத் தொடங்கி, இணைய வழியில் நோட்டரி முன் அடையாளத்தை உறுதிசெய்து, பட்டத்தை ஏற்ற வேண்டும். அவர்கள் பல்கலைக்கழகத்தைக் கேட்பார்கள். பதில் வந்ததும் ஜி.எம்.சி.க்குத் தெரிவிப்பார்கள். இது முடியாமல் பதிவு கிடைக்காது. ஆனால் பிளாப் எழுத இது தேவையில்லை. அதனால்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள், கடைசியில் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். கோரிக்கை பல்கலைக்கழகத்தில் தவறான பிரிவுக்குப் போய் மேசையில் கிடக்கும். பொறுப்பில் இருந்தவர் மாறியிருப்பார். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வெளிநாட்டுச் சரிபார்ப்பைக் கவனிப்பவர் யார் என்று முதலிலேயே விசாரித்து வையுங்கள். எபிக் கோரிக்கை அனுப்பியாயிற்று என்று தகவல் வந்ததும், அந்தக் கோரிக்கை எண்ணோடு நேரில் போய்க் கேளுங்கள். பட்டத்தை ஸ்கேன் செய்யும்போது நான்கு மூலையும் தெரியட்டும், வண்ணத்தில் இருக்கட்டும், பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதுவும் சேரட்டும். கைப்பேசியில் சாய்வாக எடுத்த படம் திரும்பி வந்துவிடும்.

ஆங்கிலம்

ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் எழுதினால் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 7.0, அதுவும் ஒரே அமர்வில். மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. தேர்வு எழுதினால் நான்கு பிரிவிலும் பி தரம், அதாவது 350. பிளாப் முதல் பகுதிக்கு இடம் பதிவு செய்யுமுன்பே இது கையில் இருக்க வேண்டும்.

எதை எழுதலாம் என்று கேட்டால், வார்டில் வேலை பார்த்துப் பழகிய மருத்துவருக்கு ஓ.இ.டி.தான் என் பரிந்துரை. காரணம் எழுத்துப் பகுதி. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் பொதுத் தலைப்பில் 250 சொல் கட்டுரை எழுத வேண்டும். நன்றாகப் பேசுகிறவர்கள்கூட அங்கே 6.5இல் நின்றுவிடுவது உண்டு. ஓ.இ.டி.யில் ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து 180 முதல் 200 சொல்லில் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். நாம் தினமும் செய்வதுதானே என்று தோன்றும். அந்த நினைப்பால்தான் தவறுகிறார்கள். குறிப்பில் உள்ள எல்லாவற்றையும் கடிதத்தில் கொட்டிவிடுவார்கள். இதயநோய் நிபுணருக்குப் போகும் கடிதத்தில் பத்து ஆண்டுக்கு முந்தைய கைமுறிவு எதற்கு? படிக்கப்போகிறவர் யார், அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் இரண்டு வரியில் சொல்லிவிட்டு, அவருக்குத் தேவையில்லாததை விட்டுவிடுவதில்தான் மதிப்பெண் இருக்கிறது.

முதல் பகுதி

180 கேள்வி, 3 மணி நேரம். கேள்விக்கு ஒரு நிமிடம், அதற்குள் விடைத்தாளில் குறிப்பதும் அடக்கம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள் என்பதால் ஒன்றையும் காலியாக விடக் கூடாது. கேள்வித்தாளிலேயே குறித்துவைத்துக் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விடுபவர்களுக்கு அந்தக் கடைசி நேரம் கிடைப்பதில்லை.

பாடம் புதிதல்ல. பழக்கம்தான் மாற வேண்டும். சர்க்கரையை மில்லிகிராமில் யோசிப்பவர் மில்லிமோலுக்கு மாற வேண்டும்: வெறும் வயிற்றில் 126 என்பது அங்கே 7.0, 200 என்பது 11.1. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.5 சதவீதம் என்பது 48. இந்த எண்கள் மனத்தில் பதியாவிட்டால் சரியான விடை கண்ணெதிரே இருந்தும் கை தவறான கட்டத்துக்குப் போகும். அதைவிட முக்கியம், சிகிச்சை வரிசை. ரத்த அழுத்தம் மருத்துவமனையில் 140/90க்கு மேல் வந்தால் உடனே மாத்திரை என்பது விடை ஆகாது. உயிருக்கு ஆபத்தான அறிகுறி இல்லாதபோது, 24 மணி நேரக் கருவியிலோ வீட்டு அளவீட்டிலோ சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்று உறுதிசெய்வது அடுத்த படி. மருந்து தொடங்கினால், 55 வயதுக்குக் கீழே பொதுவாக ஏ.சி.இ. தடுப்பான், அதற்கு மேலே கால்சியம் தடுப்பான். இரண்டாம் வகை நீரிழிவு இருந்தால் வயது பாராமல் ஏ.சி.இ. தடுப்பான். இவையெல்லாம் பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டியிலிருந்து வருபவை. ஊரில் மூத்த மருத்துவர் எப்படிச் செய்வார் என்ற நினைவை ஒதுக்கிவைத்து, கேள்வி வங்கியில் தவறு செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த வழிகாட்டியின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆயிரக்கணக்கான கேள்விகளை ஓட்டி முடித்ததாகச் சொல்லிக்கொள்வதைவிட, தவறான கேள்விகளை மட்டும் மூன்று முறை திரும்பச் செய்வது பலன் தரும்.

இரண்டாம் பகுதி: எட்டு நிமிட உரையாடல்

இது மான்செஸ்டரில் மட்டும் நடக்கிறது. பார்வையாளர் விசாவில் வந்து எழுதலாம். 16 ஸ்டேஷன், அதாவது தேர்வு அறைகள், ஒவ்வொன்றும் 8 நிமிடம். கதவுக்கு வெளியே ஒட்டியிருக்கும் குறிப்பைப் படிக்க ஒன்றரை நிமிடம் கிடைக்கும். உள்ளே நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பார், ஓரத்தில் தேர்வாளர் இருப்பார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மூன்று தலைப்பில் மதிப்பிடுவார்கள்: தகவல் சேகரிப்பும் பரிசோதனையும், சிகிச்சைத் திட்டம், நோயாளியிடம் நடந்துகொள்ளும் விதம். ஒவ்வொன்றுக்கும் 4 வரை. மொத்த மதிப்பெண் போதுமானதாக இருந்தாலும், குறைந்தபட்ச எண்ணிக்கையிலான ஸ்டேஷன்களில் தனித்தனியாகத் தேறியிருக்க வேண்டும். பத்தில் பிரமாதமாகச் செய்து ஆறைக் கோட்டைவிடும் உத்தி ஆபத்தானது.

நன்றாகப் படித்தவர்கள் இங்கே ஏன் தவறுகிறார்கள்? முதல் காரணம் நேரம். நோய் வரலாறு கேட்பதிலேயே 7 நிமிடம் போய்விடும். மணி அடிக்கும்போது சிகிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்றில் ஒரு தலைப்பு முழுதாகப் போயிற்று. நான்கரை நிமிடத்தில் கேள்விகளை நிறுத்திவிட்டுத் திட்டத்துக்குத் திரும்ப உடம்பே பழக வேண்டும். கடிகாரம் இல்லாமல் செய்யும் பயிற்சி பயிற்சியே அல்ல.

இரண்டாவது காரணம் ஆழமானது. நாம் பயின்ற இடத்தில் டாக்டர் சொல்வார், நோயாளி கேட்பார். பிரிட்டனில் நோயாளி என்ன நினைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், என்ன எதிர்பார்க்கிறார் என்பதும் நோய் வரலாற்றின் பகுதி. தலைவலி என்று வந்தவர், தம்பி மூளைக்கட்டியில் இறந்ததை நீங்கள் கேட்டால்தான் சொல்வார். அதைக் கேட்காமல் கொடுக்கும் எந்த ஆறுதலும் அவருக்குப் போய்ச் சேராது. ஆனால் இந்த மூன்று கேள்விகளையும் மனப்பாடமாக ஒரே மூச்சில் ஒப்பிப்பவர்களையும் தேர்வாளர் உடனே கண்டுகொள்வார். நோயாளி சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும்.

மூன்றாவது, சட்டமும் நெறியும். முதன்முறையாக வலிப்பு வந்து தேறிய ஒருவர், பிழைப்புக்குக் கார் ஓட்டுகிறார். வலிப்புக்குச் சொல்லும் மருத்துவம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் சாதாரண கார் உரிமத்தில் பொதுவாக 6 மாதம் ஓட்டக் கூடாது என்பதையும், ஓட்டுநர் உரிம அமைப்பான டி.வி.எல்.ஏ.வுக்கு அவரே தெரிவிக்க வேண்டும் என்பதையும் சொல்லாவிட்டால் ஸ்டேஷன் போய்விடும். வேலை போய்விடுமே என்று அவர் அழுவார். அந்த அழுகைக்கு இடம் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் வேறு பணி கேட்பது போன்ற வழிகளைப் பேச வேண்டும். எடுத்துச் சொல்லியும் தொடர்ந்து ஓட்டுகிறார் என்று தெரிந்தால், அவரிடம் சொல்லிவிட்டு நீங்கள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்கலாம்.

15 வயதுப் பெண் கருத்தடை மாத்திரை கேட்டு வருகிறாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்புவது அங்கே தவறு. 1985இல் வந்த கில்லிக் தீர்ப்பின்படி, ஆலோசனையைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி அவளுக்கு இருந்தால், பெற்றோரிடம் சொல்ல ஊக்கப்படுத்திவிட்டு, அவள் மறுத்தாலும் மருந்து தரலாம். கூடவே, துணை யார், அவன் வயதென்ன, யாராவது வற்புறுத்துகிறார்களா என்று மென்மையாகக் கேட்க வேண்டும். வயது 13க்குக் கீழே என்றால் கதை முற்றிலும் வேறு. குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் போயே ஆக வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இன்னொன்றில். மகன் வந்து, அப்பாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார் என்பார். பரிவோடு தலையாட்டப் பழகியிருக்கிறோம். அங்கே, அப்பாவுக்கு முடிவெடுக்கும் திறன் இருந்தால் செய்தி அவருடையது. அவர் அனுமதி இல்லாமல் மகனிடம் நோயைப் பற்றிப் பேசவே கூடாது. மகனின் பயத்தைக் கேளுங்கள், அப்பாவுக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்பதை அவரிடமே கேட்பதாகச் சொல்லுங்கள். கடுமையாக மறுத்தாலும் மதிப்பெண் போகும், இரக்கப்பட்டு ஒப்புக்கொண்டாலும் போகும்.

பயிற்சிக்குக் கூட இன்னொரு டாக்டரை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் தன்னையறியாமல் நோயின் பெயரை உங்களுக்கு எடுத்துக்கொடுப்பார். மருத்துவம் தெரியாத நண்பரையோ உறவினரையோ நோயாளியாக உட்காரவைத்து, நீங்கள் சொன்னது புரிந்ததா என்று கடைசியில் கேளுங்கள். அவர் முழித்தால் உங்கள் விளக்கத்தில் மருத்துவச் சொல் கலந்திருக்கிறது.

ஒவ்வொரு பகுதிக்கும் பொதுவாக 4 முயற்சிதான் என்பதை நினைவில் வையுங்கள். எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு முயற்சியை வீணாக்க வேண்டாம்.

பதிவு விண்ணப்பம்

இப்போது சுவரில் ஒட்டிய தாளுக்குத் திரும்புங்கள். கடந்த 5 ஆண்டில் எந்தெந்த நாட்டில் பதிவு வைத்திருந்தீர்களோ, அங்கெல்லாம் நற்சான்று வேண்டும். வளைகுடாவில் ஓராண்டு வேலை பார்த்திருந்தால் அந்த நாட்டிலிருந்தும் வேண்டும். அதன் ஆயுள் 3 மாதம் என்பதால், மிக முன்னாலேயே வாங்கி வைப்பது வீண். தேறிய பிறகு சாவகாசமாகக் கேட்பதும் தவறு. இரண்டாம் பகுதி முடிவு வந்த அன்றே விண்ணப்பிக்கத் தயாராகப் படிவத்தையும் கட்டண விவரத்தையும் எடுத்துவையுங்கள். ஜி.எம்.சி. கட்டணங்கள் பெரும்பாலும் ஏப்ரலில் மாறும் என்பதால் மார்ச் மாதத்தில் தேறுபவர்கள் தாமதிக்க வேண்டாம்.

5 ஆண்டு நடவடிக்கைகளையும் கேட்பார்கள். வேலை மட்டுமல்ல, படிப்பு, பிரசவ விடுப்பு, தேர்வுக்காக வீட்டில் இருந்தது எல்லாம். இடைவெளி குற்றமல்ல. எழுதாமல் விட்ட இடைவெளிதான் கேள்வி எழுப்பும். இன்டர்ன்ஷிப் சான்றில் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் துறைகளும் தெளிவாக இருக்கிறதா என்று கல்லூரியை விட்டு வருமுன்பே பாருங்கள்.

எண் வந்த பிறகு

7 இலக்கப் பதிவு எண் வந்துவிட்டால் வேலை தானாக வரும் என்பது பழைய நிலைமை. இப்போது பயிற்சி அல்லாத பணியிடங்களுக்குக்கூடப் போட்டி கடுமையாகிவிட்டது. விளம்பரம் வந்து விண்ணப்பங்கள் குவிந்ததும், குறித்த நாளுக்கு முன்பே மூடிவிடுகிறார்கள். இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆகவே, பணி உத்தரவு கையில் கிடைக்கும்வரை சொந்த ஊர் வேலையை விடாதீர்கள். நோயாளியைத் தொடாமல் ஓராண்டு உட்கார்ந்திருந்தவரைத் தேர்ந்தெடுக்க எந்த கன்சல்டன்டும் (மூத்த நிபுணரும்) தயங்குவார், அது நியாயமும்கூட.

விளம்பரத்தோடு வரும் தகுதிப் பட்டியலில் அவசியமானவை, விரும்பத்தக்கவை என்று இரண்டு நிரல் இருக்கும். அதை வைத்துத்தான் விண்ணப்பத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அடிப்படை வரைவு ஒன்றைத் தயாராக வைத்து, ஒவ்வொரு பட்டியலுக்கும் வரிக்கு வரி பொருந்த ஒரு மணி நேரத்தில் மாற்றி அனுப்பப் பழகுங்கள். மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சியான ஏ.எல்.எஸ். சான்று, சிகிச்சைத் தரம் பற்றிய ஒரு தணிக்கையைச் செய்து மாற்றம் கொண்டுவந்து மறுபடி அளந்த சான்று, இந்த இரண்டும் இருந்தால் விண்ணப்பம் கனக்கும். இரண்டாவதை இப்போது வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே செய்துவிடலாம். மருத்துவமனைப் பார்வையாளராகச் சில வாரம் இருக்கும் வாய்ப்புக் கிடைத்தால் நல்லது. ஆனால் நோயாளியைப் பரிசோதிக்க அனுமதி கிடையாது, அதை அனுபவம் என்று எழுதவும் கூடாது.

வேலை உறுதியானால், இரவுப் பணிக்கு முன் இரண்டு வாரமாவது மூத்தவரோடு கூட நின்று பார்க்க வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது டியூட்டி அட்டவணை போடுபவருக்குப் போய்ச் சேராது. அந்த இரண்டு வாரத்தில் நோயாளியின் நிலை மோசமாவதைக் காட்டும் நியூஸ் 2 என்ற எச்சரிக்கை மதிப்பெண்ணில் 5 வந்தால் என்ன செய்கிறார்கள், 7 வந்தால் யாரை அழைக்கிறார்கள் என்று கவனியுங்கள். இதயத்துடிப்பு நின்றால் அழைக்க வேண்டிய உள் எண் 2222. மூத்தவரை நள்ளிரவில் அழைக்கும்போது நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, அவரிடம் வேண்டுவது என்ற வரிசையில் சொல்லுங்கள். கடைசியானதைத்தான் நாம் தயக்கத்தில் விழுங்கிவிடுவோம். "நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்ற வாக்கியத்தைத் தனியாக, சத்தமாக, பலமுறை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.